சம்பளம் இல்லாத வேலையை விண்ணப்பத்தில் எழுதலாமா?

பிள்ளைகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சையை முடித்துக்கொண்டோ, பட்டம் பெற்றுக்கொண்டோ வீட்டில் வந்து அமர்ந்ததும், உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும் படலம் நம் குடும்பங்களில் ஆரம்பமாகின்றது. சுயவிபரக் கோவை ஒன்று தயாரிக்க வேண்டும். பெயர், பிறந்த திகதி, முகவரி, படித்த பாடசாலை, பெற்ற பெறுபேறு எல்லாம் சிரமமின்றி எழுதப்பட்டுவிடும். 'தொழில் அனுபவம்' என்ற தலைப்புக்கு வந்ததும் பேனை நின்றுவிடுகின்றது. ஒரு கோட்டை இழுத்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தக் கோட்டை இழுத்த பிள்ளை யார் என்று பார்த்தால், நான்கு வருடமாக ஞாயிறுதோறும் முப்பது சிறுவரை வைத்து மறைக்கல்வி வகுப்பு நடத்தியவளாக இருப்பாள். மடுத்திருவிழாவில் முதலுதவிக் கொட்டிலில் நின்றவனாக இருப்பான். 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில் வீடுவீடாக உலர் உணவுப் பொதி கொண்டுபோய்க் கொடுத்து, யாருக்குக் கொடுத்தோம், யாருக்கு இன்னும் கொடுக்கவில்லை என்று கொப்பியில் கணக்கு வைத்தவர்களுள் ஒருவராகவும் இருக்கலாம். இத்தனையும் செய்த பிள்ளைக்கு அனுபவம் 'இல்லை'. ஏன் எழுதவில்லை என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வருகின்றது. "சம்பளம் தராத வேலையும் ஒரு வேலையே? அதைப் போய் எழுதினால் சிரிப்பினம்" என்பது ஒன்று. பெரும்பாலும் இது தகப்பனாரின் குரல். மற்றது தாயாருடையது: "கோயிலுக்குச் செய்த தொண்டைப் பெருமைக்கு எழுதுறதே? ஆண்டவருக்குத் தெரிந்தால் போதாதோ?"

இவ்விரண்டு கேள்விகளுமே மதிக்கத்தக்கவை. முதலாவதற்கு மறுமொழி சொல்வது எளிது.

வேலை என்பது எது என்பதை உலக நாடுகளின் கணக்கெடுப்பாளர்கள் கூடி ஆராய்ந்திருக்கிறார்கள். சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் ஏற்பாட்டில் 2013ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய தொழிற் புள்ளிவிபரவியலாளர்களின் 19ஆவது மாநாடு, வேலையின் வகைகளுள் ஒன்றாகத் தொண்டுப் பணியையும் சேர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஊதியம் இல்லாதது, கட்டாயம் இல்லாதது, தன் வீட்டாருக்கும் உறவினருக்கும் அன்றிப் பிறருக்காகச் செய்யப்படுவது என்பன அதற்கு இலக்கணம். ஆகவே பாட்டியாரைப் பராமரித்ததைத் தொண்டு என்று எழுத முடியாது; அது கடமை. அயல்வீட்டில் தனித்திருக்கும் முதியவரை ஒரு வருடம் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றிருந்தால் அது தொண்டு.

வேலை கொடுப்போரும் அப்படி நினைக்கிறார்களா? உத்தியோகம் தேடுவோர் கணனியில் தம் விபரங்களைப் பதியும் 'லிங்க்ட்இன்' என்ற தளம், 2011இல் தொண்டு அனுபவத்துக்கெனத் தனியான இடமொன்றைச் சேர்த்துக்கொண்டது. அவ்வேளையில் அமெரிக்காவில் அந்நிறுவனம் நடத்திய விசாரிப்பில், ஆட்களை மதிப்பிடும்போது தொண்டுப் பணியைச் சம்பள வேலைக்குச் சமமாகவே கருதுவதாக நூற்றுக்கு 41 பேர் கூறியிருந்தார்கள். அமெரிக்க அரசின் சமூக சேவைக் கழகம் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றோ, வேலையற்றிருந்தோருள் தொண்டு செய்தவர்கள், செய்யாதவர்களைவிட வேலை பெறும் வாய்ப்பு நூற்றுக்கு 27 அதிகம் என்று கண்டது. இவற்றை அப்படியே நம் நாட்டுக்குப் பொருத்திவிடக் கூடாது. தொண்டுக்குப் போகிறவர்கள் இயல்பிலேயே ஓடியாடித் திரிகிறவர்கள்; வேலை கிடைத்ததற்கு அந்தச் சுறுசுறுப்பும் காரணமாயிருக்கலாம். என்றாலும், எழுதினால் சிரிப்பார்கள் என்ற அச்சத்துக்கு இடமில்லை என்பதற்கு இவ்வளவு போதும்.

தாயார் கேட்ட கேள்வி ஆழமானது. அதனைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மலைப்பொழிவில் வலக்கையையும் இடக்கையையும் குறித்து ஆண்டவர் சொன்னதை நாம் எல்லோரும் அறிவோம். அங்கே அவர் கண்டிப்பது, பிறர் காணவேண்டும், புகழவேண்டும் என்பதற்காகவே தருமம் செய்கின்ற மனிதரை. தருமத்தின் நோக்கமே அங்கே கெட்டுப்போகின்றது. விண்ணப்பத்தில் நடப்பது வேறு. முன்பின் அறியாத ஒருவர், "உம்மால் என்ன செய்ய முடியும்? உம்மை நம்பி ஒரு பொறுப்பைத் தரலாமா?" என்று கேட்கிறார். கேட்ட கேள்விக்கு உண்மையை மறைத்துப் பதிலளிப்பது தாழ்ச்சி ஆகாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 16ஆம் அதிகாரத்தை எடுத்து அதன் தொடக்கத்தை வாசித்துப் பாருங்கள். கொரிந்து நகரின் துறைமுகமாகிய கெங்கிரேயாவில் சபைக்குத் தொண்டாற்றிய பெபேயாள் என்ற பெண்மணியை உரோமையர் ஏற்று உதவவேண்டும் என்று அங்கே கேட்கிறார். அவர் யார், எந்த ஊர்ச் சபையில் என்ன பொறுப்பில் இருக்கிறார், பலருக்கும் தமக்கும் எவ்வாறு துணைநின்றார் என்பவற்றை இரண்டே வசனங்களில் சொல்லிவிடுகிறார். இன்று நாம் கேட்கும் நற்சாட்சிப் பத்திரம் ஒன்றில் இருக்கவேண்டிய யாவும் அதில் உண்டு. பெபேயாளின் தொண்டு எழுத்தில் வந்ததனால் அதன் மாட்சி குறைந்துவிடவில்லை. எழுதியவரும் அவரை வானளாவப் புகழ்ந்து தள்ளவில்லை என்பதையும் நோக்குக.

குடும்பங்கள் எளிதில் நினைவில் வைத்திருக்கக்கூடிய ஓர் எல்லை உண்டு. கொடுத்ததை எழுத வேண்டாம், செய்ததை எழுதலாம். அநாதை இல்லத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பினோம், எத்தனை பேருக்குச் சாப்பாடு போட்டோம் என்பவை விண்ணப்பத்துக்கு உரியவையல்ல. அநாதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தோம் என்பது உரியது. அதைவிட முக்கியமானது, உதவி பெற்றவர்களை எழுதாதிருப்பது. 1833இல் பாரிஸ் நகரில் ஒசானாம் என்ற சட்டக்கல்லூரி மாணவரும் அவருடைய தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் டி போல் சபையினர் ஏழைகளின் வீடுகளுக்கு நேரே சென்று சந்திக்கிறார்கள். நம் பங்குகளிலும் அவ்வாறே செய்து வருகிறார்கள். 'வறிய குடும்பங்களைச் சந்தித்து அவர்களின் தேவைகளை மதிப்பிட்டேன்' என்று எழுதலாம். எந்த ஒழுங்கையில், எந்த வீட்டில் என்று எழுதுவதும், அவர்களோடு நின்றெடுத்த படத்தை இணைப்பதும் அவர்களுடைய மானத்தை விற்பதாகும்.

இணுவிலில் ஒரு பிள்ளை

இனி எழுதும் முறைக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்கு இணுவிலில் வசிக்கும் ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் போகும்போது தாவடிக்கும் மருதனார்மடத்துக்கும் இடையில் வரும் ஊர் அது. நம்மவர் தொகை அங்கு குறைவு. கந்தசுவாமி கோவில் மஞ்சத்துக்கும் தவில் நாதசுரத்துக்கும் பேர்போன சைவ ஊர். அமெரிக்க மிஷனார் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென 1898இல் அமைத்த மக்லியொட் ஆஸ்பத்திரியும் அங்கேதான் இருக்கின்றது. சம்பளம் வாங்காமல் ஊருக்கு உழைப்பது எந்தவொரு சமயத்தாருக்கும் தனிச்சொத்து அல்ல என்பதை நம் பிள்ளைகளும் அறிந்திருப்பது நல்லது என்பதற்காகவே இந்த ஊரைத் தெரிந்தோம். தவிலைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகின்றது. இணுவிலில் பிறந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியைப் போன்றோரை உருவாக்கிய அந்தப் பரம்பரையில், பையன் ஒருவன் மேளக் குழுவின் பின்னால் தாளம் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் இருப்பான். அவனுக்குப் பத்திரம் தேவையில்லை. கையை வைத்ததும் தெரிந்துவிடும். கணக்குப் பதியும் வேலைக்கோ, கற்பிக்கும் வேலைக்கோ போகிற பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. முதலில் கடதாசி பேச வேண்டும். அதன் பிறகுதான் கை பேசும்.

நம் கற்பனைப் பிள்ளை உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்தவள். வீட்டருகிலுள்ள சனசமூக நிலையத்தில் மாலை வகுப்பு எடுத்தாள். வாசிகசாலைப் புத்தகங்களுக்குப் பதிவு வைத்தாள். கிராம அபிவிருத்திச் சங்கச் சிரமதானங்களுக்குப் போனாள். கோவில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் நின்றாள். இப்போது தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் எழுதுவினைஞர் பதவிக்கு விண்ணப்பிக்கிறாள். வழக்கமாக இவள் எழுதுவது இப்படி இருக்கும்: 'சமூக சேவையில் மிகுந்த ஆர்வம் உண்டு.' இந்த வசனத்தைக் காணாத முகாமையாளர் கிடையாது. ஆர்வம் யாருக்குத்தான் இல்லை?

அதை இப்படி மாற்றுவோம்: 'தொண்டர் ஆசிரியை (ஊதியமின்றி), சனசமூக நிலையம், இணுவில். 2022 தை முதல் 2024 மார்கழி வரை. வாரத்தில் மூன்று மாலை, தரம் 6 முதல் 8 வரையான மாணவர் 18 பேருக்குக் கணிதம் கற்பித்தேன். வரவு இடாப்பைப் பேணினேன். தவணைதோறும் பெற்றாரைச் சந்தித்து முன்னேற்ற அறிக்கை கொடுத்தேன்.' அதற்குக் கீழே: 'வாசிகசாலைப் பொறுப்பாளருக்கு உதவி. நூல்களைப் பதிவேட்டில் ஏற்றி, இரவல் கொடுத்தவற்றை மாதந்தோறும் சரிபார்த்தேன்.' இவ்வளவுதான். பெயரடை ஒன்றும் இல்லை. என்ன பதவி, எங்கே, எப்போதிலிருந்து எப்போது வரை, வாரத்தில் எவ்வளவு நேரம், கையால் செய்தது என்ன என்பவை இருக்கின்றன. நிதி நிறுவன முகாமையாளர் இதிலே எதைப் பார்ப்பார் என்று நினைக்கிறீர்கள்? கணிதத்தையல்ல. மூன்று வருடம் தவறாமல் வரவு இடாப்பு வைத்த கை, வாடிக்கையாளரின் பதிவேட்டையும் ஒழுங்காக வைக்கும் என்பதைத்தான்.

'ஊதியமின்றி' என்ற சொல்லை விட்டுவிடலாமே என்று சில புத்திசாலிகள் ஆலோசனை சொல்வதுண்டு. விடக்கூடாது. சம்பள வேலை என்று வாசிப்பவர் எண்ணிக்கொள்ளும்படி எழுதிவிட்டு, நேர்முகப் பரீட்சையில் கடைசிச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போது தலைகுனிவதைவிட, முதலிலேயே சொல்லிவிடுவது மேல். இதே காரணத்துக்காக, செயற்குழு உறுப்பினராக இருந்தவர் செயலாளர் என்று எழுதக்கூடாது. மூன்று நாள் போன சிரமதானத்தை மூன்று மாதமாக நீட்டக்கூடாது. எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பதுமில்லை. தண்ணீர்ப் பந்தலும் சிரமதானமும் நல்ல காரியங்களே. இந்தப் பதவிக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது முதலுதவிக் கொட்டிலை எழுதுங்கள், கணக்குப் பதவிக்கு எழுதும்போது சங்கத்துப் பொருளாளர் பொறுப்பை எழுதுங்கள். சம்பள வேலை அனுபவம் இன்னும் இல்லாத பிள்ளை இதனை 'அனுபவம்' என்ற தலைப்பின் கீழேயே போடலாம். பத்து வருடம் உத்தியோகம் பார்த்தவர், அதனை முதலில் எழுதிவிட்டுத் தொண்டைக் கடைசியில் இரண்டு வரியில் சொன்னால் போதும்.

மறைக்கல்வி கற்பித்ததை, பிற சமயத்தவர் நடத்தும் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கையில் எழுதலாமா என்று தயங்குவோரும் உளர். எழுதலாம். அறநெறிப் பாடசாலையில் கற்பித்ததைச் சைவப் பிள்ளை எழுதுவதைப் போன்றதுதான் இதுவும். பக்தியை விட்டுவிட்டு வேலையை எழுதுங்கள்: எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எத்தனை வருடம், ஆண்டுவிழாவுக்கு என்ன பொறுப்பு.

நம் வீடுகளில் முற்றாக மறக்கப்படுவது தாய்மாருடைய தொண்டு. பிள்ளைகள் வளர்ந்தபின் நாற்பது வயதில் ஒரு வேலைக்குப் போக விரும்பும் பெண்ணிடம், "இத்தனை வருடமும் வீட்டில் சும்மாதானே இருந்தனீர்" என்று கணவனே சொல்லிவிடுகிறான். அந்தப் பெண் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஆறு வருடம் பொருளாளராக இருந்திருப்பாள். அங்கத்தவர் சேமிப்பையும் கடனையும் வட்டியையும் சதம் பிசகாமல் எழுதி, வங்கிக்குப் போய், கணக்காய்வுக்கு விடை சொல்லியிருப்பாள். ஒரு கடையின் கணக்கை எழுதுவதற்கு இதைவிட என்ன பயிற்சி வேண்டும்?

எழுதிய பின் அத்தாட்சி கேட்பார்கள்

இதுவரை சொன்னவை பேனையால் ஆகக்கூடிய காரியம். இனிச் சொல்வது பேனையால் மட்டும் ஆகாதது. இதிலேதான் வட மாகாணத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணீர் சிந்தின.

போர்க்காலத்தில் நமது பாடசாலைகளில் ஆசிரியர் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. இருந்தவர்கள் இடம்பெயர்ந்தார்கள், நாட்டைவிட்டுப் போனார்கள். புதியவர்களுக்கு நியமனம் வரவில்லை. அந்த இடத்தை உயர்தரம் படித்த இளைஞரும் யுவதியரும் நிரப்பினார்கள். தொண்டர் ஆசிரியர் என்று அவர்களுக்குப் பெயர். சிலருக்குப் பெற்றார் சேர்த்துக் கொடுத்த சிறு தொகை கிடைத்தது, சிலருக்கு அதுவும் இல்லை. 2009இல் போர் முடிந்தபின், தங்களை நிரந்தர சேவையில் சேர்க்குமாறு அவர்கள் கேட்டார்கள். மனுக் கொடுத்தார்கள், வீதியோரம் அமர்ந்து போராடினார்கள். ஒரு பகுதியினருக்கு நியமனம் கிடைத்தது. விடுபட்டவர்கள் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிகளிலும் சுகாதாரப் பணிமனைகளிலும் ஊதியமின்றி உழைத்த சுகாதாரத் தொண்டர்களின் கதையும் இதுவே.

நேர்முகப் பரீட்சையில் அவர்களிடம் கேட்கப்பட்டது என்ன? பாடசாலையில் அன்றாடம் நிகழ்பவற்றை அதிபர் குறித்துவைக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் உமது பெயர் எந்தத் திகதியில் பதியப்பட்டது? வரவு இடாப்பில் கையொப்பம் உண்டா? அதிபரின் கடிதத்தை வலயக் கல்வி அலுவலகம் உறுதிசெய்திருக்கிறதா? பத்து வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற ஒருவரிடம் இவை இல்லாமற் போகக்கூடும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, இணுவில் மக்களும் அந்தச் சனத்திரளில் நடந்தார்கள். உடுத்த உடையோடு போனவர்கள் இடாப்பையா தூக்கிச் சென்றிருப்பார்கள்? வன்னியில் பின்னர் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. அதிபர் காலமாகிவிட்டார், பாடசாலை இடிந்துவிட்டது, புத்தகம் எரிந்துவிட்டது. அவரிடம் படித்த பிள்ளைகள் மட்டும் இருக்கிறார்கள்.

கடல்கடந்த நம் உறவினரின் பிள்ளைகளை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரொறன்ரோ நகரம் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில், உயர்தரப் பாடசாலையை முடித்துச் சான்றிதழ் பெறுவதற்கு ஒவ்வொரு மாணவரும் 40 மணித்தியாலம் சமூகப் பணி செய்திருக்க வேண்டும். எங்கே, எந்த நாள், எத்தனை மணித்தியாலம் என்று படிவத்தில் எழுதிப் பொறுப்பானவரின் ஒப்பம் பெற்றுவிடுகிறார்கள். (கட்டாயத்தின்பேரில் செய்வதைத் தொண்டு என்பதா என்ற கேள்வி வேறு, ஜெனீவாவில் கூடியவர்களின் இலக்கணப்படி அது சந்தேகமே.) இணுவிலிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளை ஸ்காபரோவில் 40 மணித்தியாலத்துக்கு ஒப்பம் வைத்திருக்க, இங்கே இருக்கும் அத்தையார் நாலாயிரம் மணித்தியாலத்துக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் இருப்பார்.

ஆகவே பெற்றாருக்கு நாம் சொல்வது இது. தொண்டு முடிந்தபின் கடிதம் கேட்கலாம் என்று இருக்க வேண்டாம். பிள்ளை ஒரு பொறுப்பை ஏற்கும் நாளிலேயே, அந்தச் சங்கத்தின் கூட்ட அறிக்கையில் பெயர் பதியப்படுகிறதா என்று பாருங்கள். சனசமூக நிலையங்கள் பிரதேச சபையில் பதிவு பெற்றவை. அவற்றின் அறிக்கைப் புத்தகத்துக்கு மதிப்பு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை, பொதுக்கூட்டம் முடிந்த கையோடு, தலைவரிடமோ செயலாளரிடமோ கடிதம் வாங்கி வையுங்கள். செயலாளர் மாறுவார், வெளிநாடு போவார், சங்கமே இரண்டாகப் பிரியும். இவை நம் ஊரில் நடக்காதவையல்ல. கடிதத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, வேற்றூரில் இருக்கும் ஓர் உறவினருக்கும் அனுப்பிவிடுங்கள். இடம்பெயர்ந்து பழகிய சமூகம் நாம். இந்தப் புத்தி நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

கடிதம் கொடுப்பவர்களுக்கும், அவர்களுள் பங்குக் குருக்களுக்கும், ஒரு வார்த்தை. 'இவரை எனக்கு நன்கு தெரியும், நல்லொழுக்கமுள்ளவர், அவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்' என்ற கடிதத்தால் எவருக்கும் பயனில்லை. புனித சின்னப்பர் எழுதியதுபோல் எழுதுங்கள்: யார், எங்கே, என்ன செய்தார், எவ்வளவு காலம். திகதியும் பதவி முத்திரையும் தொலைபேசி இலக்கமும் இருக்கட்டும். செய்யாத தொண்டுக்குக் கடிதம் கேட்டு வருவோருக்கு இல்லை என்று சொல்லப் பழகுங்கள். "ஒரு கடிதம்தானே பாதர், பிள்ளையின்ரை சீவியம்" என்பார்கள். இரக்கம் வரத்தான் செய்யும். ஆனால் சுகாதாரத் தொண்டர்களின் பெயர்ப்பட்டியலில், ஒரு நாளும் தொண்டு செய்யாதவர்கள் புகுந்துவிட்டார்கள் என்ற முறைப்பாடு எழுந்ததை நினைத்துப் பாருங்கள். பட்டியலில் புதிதாக ஒரு பெயர் ஏறும்போது, வெயிலில் அமர்ந்திருக்கும் உண்மைத் தொண்டர் ஒருவரின் பெயர் இறங்குகின்றது. அந்தக் கடிதத்தை எழுதியவர் களவுக்கு உடந்தையானவர். மெல்லிய சொல்லால் இதனைச் சொல்ல முடியவில்லை.

எவ்வளவு காலம்?

தொண்டு அனுபவம் விண்ணப்பத்துக்கு உதவும் என்று சொன்னதும், அதையே சாக்காகக் கொண்டு இளைஞரின் உழைப்பை உறிஞ்சுவோரும் இருக்கிறார்கள். "அனுபவம் கிடைக்கும், பிறகு விண்ணப்பத்தில் போடலாம்" என்று சொல்லி, சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையை வருடக்கணக்கில் இலவசமாக வாங்குகிறார்கள். பாடசாலையில் வெற்றிடமாக உள்ள ஆசிரியர் பதவி சம்பளத்துக்குரிய பதவி. அதனைத் தொண்டர் ஒருவர் பத்து வருடம் நிரப்பியபோது பிள்ளைகள் படித்தார்கள் என்பது உண்மை. வெற்றிடத்தை நிரப்பும் அவசரம் மேலிடத்துக்கு இல்லாமற் போனது என்பதும் உண்மை. 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரைக் குறித்து வெளியிட்ட நிருபத்தில் நீதியான கூலியைப் பற்றிப் பேசிய நாள் தொட்டு, திருச்சபை இதில் தெளிவாகவே போதித்து வருகின்றது. அந்தப் போதனை நமது நிறுவனங்களின் வாசலோடு நின்றுவிடக் கூடாது. முன்பள்ளிகளில் முழுநேரம் கற்பிக்கும் யுவதிக்குப் பேருந்துக் காசுக்குப் போதாத ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, அதற்குச் சேவை என்று பெயர் வைப்பது நம்மிடையேயும் உண்டு.

வாரத்தில் ஆறேழு மணித்தியாலம் கொடுக்கும் தொண்டை எத்தனை வருடமானாலும் மகிழ்ச்சியோடு செய்யட்டும். காலை எட்டு மணிக்குப் போய் இரண்டு மணிக்கு வரும் வேலையைச் சம்பளமின்றிச் செய்யும்படி கேட்டால், எத்தனை மாதத்துக்கு என்று முதல் நாளே கேட்கும் துணிவைப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். அதன்பின் சம்பளம், அல்லது கடிதத்தோடு விடை. தொண்டு செய்யும் மனமுள்ள பிள்ளைகளுக்குத்தான் இதைக் கேட்க நா எழாது. ஆகவே பெற்றார் கேட்பது தவறல்ல.

பங்குகளில் செலவின்றிச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. திருமுழுக்குப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இருக்கும் அலுமாரியில் இன்னொரு கொப்பியை வைத்து, மறைக்கல்வி ஆசிரியர், பாடகர் குழுத் தலைவர், இளைஞர் மன்ற நிர்வாகிகள், முதலுதவித் தொண்டர் ஆகியோரின் பெயர், பொறுப்பு, தொடங்கிய திகதி, முடித்த திகதி என நான்கு நிரல் போட்டு எழுதி வரலாம். குருவானவர் மாற்றலாகிப் போனாலும் கொப்பி இருக்கும். புதிதாக வருகிறவர் தாம் அறியாத பிள்ளைக்கும் மனச்சாட்சியோடு கடிதம் எழுதலாம்.

போர்க்காலத்தில் தொண்டு செய்து, இன்று நாற்பது, ஐம்பது வயதில் கையில் ஒன்றுமில்லாமல் இருப்பவர்களை என்ன செய்வது? அகதி முகாமில் கற்பித்ததையும் நோயாளரைச் சுமந்ததையும், எந்த அமைப்பின் பெயரைச் சொன்னால் என்ன கேள்வி எழுமோ என்று அஞ்சி, எங்கும் எழுதாமலே விட்டவர்கள் அவர்களுள் பலர். அமைப்பின் பெயர் இல்லாமலே வேலையை எழுதலாம்: 'இடம்பெயர்ந்தோர் முகாமில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பித்தேன்', முகாம் இருந்த ஊர், ஆண்டு. உடன் பணியாற்றியவர்களுள் இருவர், அல்லது அன்று படித்து இன்று உத்தியோகத்தில் இருக்கும் மாணவர் இருவர், தாம் நேரில் அறிந்ததைச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசியாக எழுதிக் கொடுக்கலாம். அரச நியமனத்துக்கு இது போதும் என்று உறுதி சொல்ல முடியாது. தனியார் நிறுவனங்களில் இதனை ஏற்க வாய்ப்புண்டு. பாடசாலை இன்றும் இயங்குகிறதென்றால் முதலில் அங்கே போய்ப் பழைய சம்பவத்திரட்டுப் புத்தகங்கள் எந்த ஆண்டிலிருந்து இருக்கின்றன என்று விசாரியுங்கள். தொலைந்துவிட்டது என்று எல்லோரும் சொன்ன புத்தகம் அதிபரின் அறை அலுமாரியில் மேல்தட்டில் கிடப்பதும் உண்டு.